பெட்டி முழுங்குன லோடு

எடைமேடையில உக்காந்தவனை ஊரே திருடன்னுதான் பாக்கும், தெரியுமுங்களா. நான் ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி பண்ணுற ஒரு சேகோ பேக்டரியில, மரவள்ளின்னு சொல்லுற குச்சிக்கெழங்கு லோடு எடை போடுறவன். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன். இதுல ஒரு வார்த்தை பொய்யின்னா, என்னையத் தூக்கி அதே மேடையில நிறுத்தி சீட்டு அடிச்சுக்குங்க. சும்மா இருந்தே சந்தேகத்துல மாட்டுனவங்க எல்லாம் கிட்ட வாங்க.

எறங்காத எடை

கம்ப்யூட்டர் வந்த புதுசு. மேடையில இருந்து வயர் வழியா எடை நம்பரு உள்ளார வரும், நான் பட்டனைத் தட்டுனா சீட்டு அடிச்சுக் குடுக்கும். ஒரு நாளு கெழங்கு கொண்டாந்த வெவசாயி பழனியப்பண்ணன், அதைக் கொட்டிப்போட்டு வெறும் டிராக்டரை மேடையில ஏத்துனாரு. சீட்டுல, முன்னாடி நின்ன லோடு வண்டியோட எடை அப்படியே வந்துருச்சு. லோடு எடையில கழிக்குற வெறும் வண்டி எடை ஏறுனா அவரு கெழங்கு எடை கொறையுமல்ல? சீட்டையும் பாத்தாரு, என்ற மூஞ்சியையும் பாத்தாரு. “ஏனுங்க, அந்த வண்டி போயிருச்சு, அதோட கெழங்கு மட்டும் மேடையிலயே குந்தியிருக்குதுங்களா?”

கடைசி மூணு லோடு

மேனேஜருக்கு இது போதாதா. வாட்ச்மேன் கேட்டுல எழுதுற நோட்டையும் கம்ப்யூட்டர்ல ஏறுன லிஸ்டையும் ஒண்ணா வெச்சுப் பாத்தாரு. சாயங்காலம் கடைசியா வந்த லோடு ரெண்டு மூணு, தெனமும் லிஸ்டுல இல்லை. ஆனா நானே சீட்டு அடிச்சுக் குடுத்திருக்குறேன். பக்கத்து மில்லுக்குத் திருப்பி உட்டுட்டேன்னு முடிவே பண்ணிட்டாரு. ரெண்டு நாளு என்ற பக்கத்துலயே சேரைப் போட்டு உக்காந்து, நான் தும்முனாக்கூட எவனுக்கோ சிக்னல்ங்கிற மாதிரி பாத்தாரு. “சனிக்கெழமைக்குள்ள அந்த லோடு எங்கேன்னு சொல்லலைன்னா, எடை ரூம் சாவியக் குடுத்துப்போட்டு ஊட்டுக்குப் போயிரு.”

உள்ளார இருக்குற ஆளு

புரோகிராம் எழுதுன அம்மிணிய வரச்சொன்னேன். திருச்செங்கோட்டுப் புள்ளை, நந்தினி. மேடையில இருந்து நம்பரு வர்ற வழி வாய்க்கால் மாதிரின்னு சொல்லுச்சு. நான் பட்டனைத் தட்டாத நேரத்துலயும் நம்பரு ஓடி வந்து தேங்கிக்குமாம். தட்டுனா தேங்குன பழசுதான் மொதல்ல வரும். பழனியப்பண்ணன் சீட்டுக்கு அதான் காரணம். வெளிய போற வாய்க்கால் ரெண்டு, ஒண்ணு பிரிண்டருக்கு, ஒண்ணு லிஸ்டுக்கு. ஒவ்வொண்ணுக்கும் உள்ளார ஒரு ஆளை நிறுத்தியிருக்குதாம். ஆளுன்னா நெசமான ஆளு இல்லீங்க, புரோகிராமுல ஒரு துண்டு. ‘எழுது’ன்னு ஒரே மாதிரி சொன்னாப் போதும், எங்க, எப்படிங்கிறதை அவன் பாத்துக்குவான். மேனேஜரு மேசைக்கடியில குனிஞ்சு பாத்தாரு. “அந்த ஆளும் இவனும் கூட்டா அம்மிணி?”

மெயின் சுச்சு

லிஸ்டு எழுதுற ஆளு ஒவ்வொரு லோடையும் ஒடனே எழுத மாட்டானாம். ஒரு தொட்டியில சேத்து வெச்சுக்குவான். தொட்டி ரொம்புனா ஊத்துவான், இல்லீன்னா புரோகிராமை முறையா மூடுறப்ப ஊத்துவான். சாயங்காலம் எப்படிங்க மூடுவீங்கன்னு கேட்டுச்சு. கெணத்து மோட்டாரை நிறுத்துற மாதிரி மெயின் சுச்சை எறக்குவேன்னேன். யாரு சொன்னதுன்னு கேட்டுச்சு. நான் மேனேஜரைப் பாத்தேன். கரண்டு பில்லு ஏறுதுன்னு அவரு போட்ட ஆர்டருதான்.

அவரு கண்ணு முன்னாடியே ரெண்டு எடை போட்டோம். ஒண்ணு போட்டு சுச்சை எறக்குனோம், தொட்டியில நின்னது ஊத்தாமயே போச்சு, லிஸ்டுல இல்லை. இன்னொண்ணு போட்டு முறையா மூடுனோம், நிக்குது. ஒவ்வொரு லோடையும் ஒடனே ஊத்தச் சொல்லி ஒரு வரி, தேங்குன பழசைக் கொட்டிப்போட்டு புதுசை எடுக்கச் சொல்லி ஒரு வரி, அம்மிணி சேத்துருச்சு. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிப்போட்டு மேனேஜரு வாசல் வரைக்கும் போனாரு. அப்புறம் திரும்பி வந்து அம்மிணிகிட்ட மெதுவா கேட்டாரு. “செரி, இத்தனை நாளு அந்தத் தொட்டியில நின்ன கெழங்கை எந்த மில்லுக்காரன் அள்ளிட்டுப் போனான்?”

குத்தம் எம்மேல இல்லைன்னு கம்ப்யூட்டரே சாட்சி சொன்னாலும் கம்ப்யூட்டரையும் சேத்துத்தான் சந்தேகப்படுவாங்க சாமி, அதனால இவ்வளவு நேரம் ஓசியில கேட்டவங்க ஆளுக்கு ஒரு டீயும் ரெண்டு போண்டாவும் எனக்கு வாங்கிக் குடுத்துப்போட்டு எந்திரிங்க.