மிஸ்ஸி வைத்த ஐஸ்

போன வாரம் எங்கள் வீட்டில் மாமனார் போர்க்கொடி தூக்கிவிட்டார். "இனிமே டயாலிசிஸுக்கு வர மாட்டேன்... கொன்னாலும் வர மாட்டேன்!"

தொடர்ந்து இரண்டு தடவை போகவில்லை. கால் வீங்கிவிட்டது. மூச்சு வாங்குகிறது. மூன்றாவது தடவையும் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி அழுதாள். நான் அதட்டினேன், கெஞ்சினேன். ம்ஹூம்!

"எதுக்கும் ஆகாதவனுக்கு என்னாத்துக்கு, மாப்பிள்ளை, மிஷினு?"

வேறு வழியில்லாமல் டயாலிசிஸ் சென்டருக்குப் போன் போட்டேன். எடுத்தது அங்கே நர்ஸாக இருக்கும் லலிதா மிஸ்ஸி — முப்பது வயதுகூட இருக்காது. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா முன்ன என்னா வேலை பார்த்தாரு சார்?"

லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. விடியுமுன் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலைக்கு அனுப்புவார். சொன்னேன். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மண்டோர் ஐயா, நீங்க வராம இங்க ஒரே கலாட்டா லா! ஆறு மணி ஷிஃப்டுக்கு ஒருத்தரும் நேரத்துக்கு வர்றதில்ல. நான் சொன்னா யாரு கேக்குறா? உங்க தொண்டை எனக்கு இருக்கா? நாளைக்கு நீங்க வந்து பேர் கூப்பிடணும்."

அப்பட்டமான ஐஸ்! இதற்கா மசிவார் என்று நினைத்தேன்...

மாமனார் தொண்டையைச் செருமினார். "லிஸ்ட்ட ரெடி பண்ணி வையி மிஸ்ஸி."

மறுநாள் எனக்கு முன்பே அவர் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். சென்டரில் மிஸ்ஸி பேப்பரை நீட்டினாள். அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

"அகமட்!"

"அடா!" — மலாயில் 'இருக்கிறேன்' என்று பதில் வந்தது.

"சரோஜா!"

"வந்துட்டேங்க!"

சீனக் கிழவர் ஒருவர் கையையே தூக்கிவிட்டார். கடைசியில் தன் பெயரையும் அதட்டலாகக் கூப்பிட்டு, தானே பதில் சொல்லி, நேராகப் போய்ப் படுத்துக் கையை நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிஸ்ஸியிடம் மெதுவாகக் கேட்டேன்: "நெஜமாவே யாரும் நேரத்துக்கு வர்றதில்லையா?"

"ஐயோ சார், எல்லாரும் அஞ்சே முக்காலுக்கே வந்துருவாங்க!"

காரியம் ஆக வேண்டியவர்கள்தான் காக்கா பிடிப்பார்கள் என்று எத்தனை தடவை இந்தப் பத்தியில் கிண்டலடித்திருக்கிறேன்! இந்தப் பெண்ணுக்கு இதில் என்ன லாபம்? நாங்கள் அவரிடம் வியாதியைப் பற்றியே பேசினோம். அவளோ அவர் பார்த்த வேலையைப் பற்றிக் கேட்டாள். கெட்டிக்காரி!

நான் அந்த வீட்டு மாப்பிள்ளையாகி இருபது வருஷம்... மாமனாரை ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை, புகழ்ந்ததில்லை.