செத்த பேட்டரியும் ஒத்தக்கண்ணரும்

ஒத்தக்கண்ணருக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும். அது கடைவீதி வைத்த பெயர். காலையில் கடையைத் திறந்ததும் வலது கண்ணில் பூதக்கண்ணாடி லென்ஸைச் செருகினால், பூட்டும்போதுதான் அது வெளியே வரும். நடுவில் யார் வந்து நின்றாலும் ஒரு கண்ணால்தான் வரவேற்பு. வாட்ச் ரிப்பேர் தொழிலில் முப்பது வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "கேட்டா டைம் கிடைக்கலம்பான்" என்று அவருடைய அக்கா அலுத்துக்கொள்வாள். சுவர் நிறையக் கடிகாரத்தை மாட்டி வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. மாடியில் அக்காவும் அவரும் குடியிருக்கிறார்கள். பொந்துக்குள் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், வருகிறவர் நிற்க ஓர் ஆள் அகல இடம். அதிலும் பாதியை அலாரம் பிடித்துக்கொள்ளும். அலாரம் என்பது நாய். பெயர்தான் அப்படி, திருடன் வந்தாலும் நகர்ந்து படுத்து வழிவிடும்.

அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. ஒத்தக்கண்ணர் பிஸ்கட்டை உடைத்து ஒரு டப்பா மூடியில் வைத்திருப்பார். வேலையிலிருந்து தலையைத் தூக்காமல், இடது கையால் ஒரு துண்டை எடுத்துப் பின்பக்கம் வீசுவார். அங்கே வந்து காத்திருக்கும் அலாரம் அந்தரத்திலேயே லபக். தீர்ந்துபோன பேட்டரிகளையும் அதே இடது கையால், அதே பக்கம் இருக்கும் தகர வாளியில்தான் வீசுவார். ஆறு வருடமாக டங் என்றால் வாளி, லபக் என்றால் நாய். ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை.

அன்று காலை டாக்சி டிரைவர் ஒருவர் கார் சாவி ரிமோட்டை நீட்டினார்.

"சீக்கிரம்ணே, சவாரி காத்துட்டு இருக்கு."

ஒத்தக்கண்ணர் ரிமோட்டைப் பிளந்து, பெரிய காசு அளவுக்கு இருந்த பேட்டரியை நெம்பி எடுத்தார். இடது கை அதைப் பின்னால் வீசியது. டங் கேட்கவில்லை.

லபக் என்றது.

ஒரு நொடி ஒன்றும் உறைக்கவில்லை. மூடியைப் பார்த்தார். பிஸ்கட் வைத்தபடி இருந்தது. சட்டென்று திரும்பினார்.

"செத்த பேட்டரிதானே," என்றார், யாரும் கேட்காமலே. "ஒண்ணும் பண்ணாது. தானா வெளிய வந்துடும்."

அலாரம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கிப் பார்த்தது. வாயோரம் எச்சில் நூலாக ஒழுகியது. பிறகு அவரையே பார்த்தது, இதையும் நீங்களே ரிப்பேர் பண்ணிவிடுவீர்கள் என்பதுபோல.

"அக்கா! அலாரம் முழுங்கிடுச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

அக்கா ஒரு சொம்பில் உப்புத் தண்ணீரோடுதான் இறங்கி வந்தாள். "என்னடா தின்னுச்சு?"

"பேட்டரி. கீழ விழுந்துச்சு... எடுத்து முழுங்கிடுச்சு."

"வாயைப் பிடி. ஊத்துனா கக்கிடும்."

அதற்குள் டிரைவர் நாய் டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். அந்தம்மா குரல் கடையை அதிர வைத்தது.

"எதையும் ஊத்தாதீங்க! கக்க வைக்கவே கூடாது. அதே மாதிரி பேட்டரி வர்ற அட்டை இருந்தா எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

"அது செத்த பேட்டரிங்க டாக்டர்," என்றார் ஒத்தக்கண்ணர்.

"ரிமோட்டை ஓட்டத்தான் அதுக்குத் தெம்பு இல்ல. தொண்டையைப் பொசுக்க மிச்சம் இருக்கறதே போதும். ஒவ்வொரு நிமிஷமும் பொசுக்கும். கிளம்புங்க!"

முப்பது வருடமாக அவர் செத்தது என்று தூக்கி எறிந்ததெல்லாம் செத்ததே இல்லையா? உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. கார் கிளம்ப ரிமோட் வேண்டும். ரிமோட்டுக்குப் புதுப் பேட்டரி போட வேண்டும். தலைமுடி கனமே உள்ள திருகாணியை மூச்சுவிடாமல் பொருத்துகிற கை, காசளவு பேட்டரியை இரண்டு தடவை கீழே போட்டது.

"குடுண்ணே, நான் போடறேன்," என்று டிரைவர் வாங்கிக்கொண்டார்.

"உங்க சவாரி?"

"அது நடந்து போகட்டும்."

காரில் அலாரத்தின் தலை அக்காவின் மடியில் இருந்தது. நாயைச் சனியன் என்பதைத் தவிர வேறு பெயரில் கூப்பிட்டறியாத அக்கா, "இதோ வந்துட்டோம்டா தங்கம்" என்று முணுமுணுத்தாள். அதைக் கேட்டுத்தான் ஒத்தக்கண்ணருக்கு இன்னும் பயமாகிவிட்டது.

டாக்டரம்மா நாயை மேசையில் கிடத்திக்கொண்டே கேட்டார். "எத்தனை மணிக்கு முழுங்குச்சு?"

ஒத்தக்கண்ணர் விழித்தார். கடையில் நாற்பது கடிகாரம். நாற்பதும் நாற்பது நேரம் காட்டும்.

"பத்து இருபது டாக்டர்," என்றார் டிரைவர். "சவாரிக்காரர் அப்பதான் போன்ல என்னைத் திட்டிட்டு வச்சாரு."

"கடிச்சுதா, அப்படியே முழுங்குச்சா? கடிச்சு ஓட்டையாகியிருந்தா உள்ள இருக்கறது கசியும். சரியா சொல்லுங்க."

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவர் அலாரத்தைப் பார்த்தார்.

"கடிக்கல," என்றார். "கடிக்க நேரமே இல்ல. கீழ விழல டாக்டர். நான்தான் பார்க்காம தூக்கிப் போட்டேன். அது பிஸ்கட்டுன்னு என்னை நம்பி வாயைத் தொறந்துச்சு."

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் அலாரத்தின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

எக்ஸ்ரேயில், நெஞ்சுக்குள் உணவுக்குழாயின் நடுவே, வட்டத்துக்குள் வட்டமாக வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. மயக்க ஊசி போட்டு, கேமரா வைத்த குழாயை விட்டு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். எதிரே பூனையோடு வந்த பெண் ஒத்தக்கண்ணரையே வெறித்துப் பார்த்தாள்.

"லென்ஸைக் கழட்டுடா," என்றாள் அக்கா மெதுவாக.

கழற்றினார். உள்ளிருந்து ஒரு சொட்டு வழிந்தது. டிரைவர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மிக அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார்.

அரை மணி கழித்து டாக்டர் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதில் பேட்டரி; ஒரு பக்கம் கரியாகியிருந்தது.

"நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. உள்ள புண்ணு இருக்கு, ஓட்டை இல்ல. ஆனா இனிமேகூட விழலாம். மூணு வாரம் கண்கொத்திப் பாம்பா கவனிக்கணும். இருமினா, சாப்பிடாம படுத்தா, உடனே தூக்கிட்டு வரணும். கூழாதான் குடுக்கணும்."

மூன்று வாரம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. ஓட்டை விழவில்லை. அலாரம் குண்டாகிவிட்டது. பழைய பேட்டரிகள் இப்போது ஒவ்வொன்றாக டேப் சுற்றப்பட்டு, திருகுமூடி ஜாடிக்குள் போகின்றன. டாக்டர் நாயைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டார். ஒத்தக்கண்ணர் நிறுத்தவில்லை. அலாரம் சும்மா தும்மினால்கூடக் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் மண்டியிடுகிறார். லென்ஸ் கண்ணை அதன் வாய்க்குள் நுழைக்காத குறையாக வைத்துப் பார்க்கிறார். மேலே மாடியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றுபோகிறது.

"என்னடா?" என்று அக்காவின் குரல் படியிறங்கி வருகிறது.

"ஒண்ணுமில்லக்கா, தும்மல்தான்," என்கிறார் அவர், எழுந்திருக்காமல்.