வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஓர் ஆங்கில நேர்காணல்

டிசம்பரில் மூன்று நாள் விடுப்பு மிச்சமிருந்தது. கூட்டமில்லாத மலையாக இருக்கட்டும் என்று கல்வராயனைத் தேர்ந்தெடுத்தேன். கள்ளக்குறிச்சியில் காலை எட்டரைக்கு வாடகைக் கார் பிடித்தேன். வெள்ளிமலை போய்த் திரும்ப இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

ஓட்டுநர் ரஃபிக்கு முப்பது வயதிருக்கும். ஊரைத் தாண்டியதும் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார். என்னவென்று கேட்டேன்.

"இங்கிலீஷு, அக்கா. பத்தரைக்கு போன்ல இன்டர்வியூ. பெங்களூர்ல ஹோட்டல் டிரைவர் வேலை, பாரின்காரங்கள இட்டுக்கினு போவணும். அத்தா கடைய மூடிட்டாரு. வூட்ல சம்பாதிக்க நான் ஒருத்தன்தான்."

நான் சென்னையில் மாலைநேர ஆங்கில வகுப்பு எடுப்பவள். விடுப்பிலுமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும், "சொல்லுங்க, கேக்கறேன்" என்றேன்.

"ஐ ஆம் டிரைவ் டென் இயர்ஸ்."

காச்சிராயபாளையம் வருவதற்குள் அது "ஐ ஹேவ் டிரிவன் ஃபார் டென் இயர்ஸ்" ஆகிவிட்டது. அடுத்தது உச்சரிப்பு. நம் வாய்க்கு ஒற்றெழுத்தோடு நிறுத்த வராது. 'பிரேக்' பிரேக்கு ஆகும், 'லெஃப்ட்' லெஃப்டு ஆகும். கடைசி உகரத்தை விழுங்கச் சொன்னேன். மலை ஏறத் தொடங்கியதும், ஒவ்வொரு வளைவிலும் "லெஃப்ட்", "ரைட்" என்று சொல்லியபடியே வண்டியைத் திருப்பினார்.

பெரியார் அருவிக்கு முன்னால் சிக்னல் போய்விட்டது. மணி பத்தேகால்.

"இன்னாக்கா பண்றது?" ரஃபி வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அருவி எங்கயும் போயிடாது. நேரா வெள்ளிமலைக்குப் போங்க."

வெள்ளிமலைக் கடைத்தெருவில் ஒரு டீக்கடை முன்னால் சிக்னல் வந்தது. வண்டியை நிறுத்தவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் மூச்சுவிடாமல் பேசினார். பாதிக்கு மேல் ரஃபிக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்தார். எனக்குச் சொல்லிக்கொடுக்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"மேடம், ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி" என்றார் ரஃபி.

நாங்கள் பழகாத வாக்கியம் அது. அந்தப் பெண் நிதானமாகத் திரும்பக் கேட்டார்: விருந்தினரோடு போகும்போது வழி தெரியாமல் போனால் என்ன செய்வீர்கள்?

"ஐ வில் ஸ்டாப். ஐ வில் ஆஸ்க் சம்ஒன்."

எதிர்முனையில் சிரிப்பு. திங்கட்கிழமை வண்டி ஓட்டிக் காட்ட நேரில் வரச் சொன்னார்கள். ரஃபி போனை வைத்துவிட்டு ஸ்டீயரிங்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். நான் இறங்கிப்போய் இரண்டு டீ சொன்னேன்.

திரும்பும்போது அருவியில் ஆசைதீரக் குளித்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் எதிலும் முதலில் பழக வேண்டும் என்று தண்ணீரில் நின்றபடி நினைத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முக்கியமான அழைப்புகளை மலையேறும் முன் முடித்துவிடுங்கள். வார நாளென்றால் அருவியில் கூட்டமிருக்காது. ரஃபியின் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். அவர் இப்போது பெங்களூரில் ஓட்டுகிறார்.