பருந்துப்பாறையில் ஏறியது யார்

அலோசியஸ் யாரையும் நம்பமாட்டார். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணெடுக்கமாட்டார். பாதர் பிரசங்கம் வைத்தால், இன்றைக்கு யாரைக் குத்திப் பேசுகிறார் என்று யோசிப்பார். அப்படிப்பட்டவரைத்தான் தேடி வந்தார் ஜெயகாந்தன்.

பட்டிப்பொலைக்குக் கீழே, மலைத்தொடர் சட்டென்று அறுந்து செங்குத்தாக நிற்கிற இடம் பருந்துப்பாறை. வெள்ளைக்காரத் துரைமார் ஏறியதெல்லாம் பின்பக்கச் சரிவில். முன்பக்கத்தில் முதலில் ஏறியது யார் என்று விசாரிக்க, நுவரெலியாவிலிருந்து கயிறும் ஆளுமாக வந்திருந்தார் அவர். மலையேறியவர்களின் வரலாற்றை எழுதுகிறாராம்.

"நான்தாங்க," என்றார் அலோசியஸ். "பதினாறு வயசுல. உச்சியில கொடிக்கம்பம் நடணும், பின்பக்கம் மண்ணு சரிஞ்சு கெடக்கு, முன்பக்கமா ஏறணும்னு சர்வேக்காரரு ஆள் கேட்டாரு. ஏறுனதுக்கு அடையாளமா வேலைக்குப் பேர் பதியிற செக்ரோல் நம்பர உளியால வெட்டச் சொன்னாரு."

"என்ன நம்பர் அண்ணே?"

"இருநூத்திப் பதினாலு. ஆனா அது என் நம்பர் இல்ல."

வில்லங்கமே அங்கேதான். அன்றைக்கு வேலைக்குப் பேர் விழ வேண்டியது அண்ணன் அன்டனுக்கு. அவருக்குக் காய்ச்சல். ஒரு நாள் பேரும் சம்பளமும் போய்விடக் கூடாதென்று அப்பா அந்த நம்பரில் தம்பியை அனுப்பிவிட்டார். அந்த மூடுபனியில் முகம் பார்த்தது யார்? சர்வேக்காரர் எழுதிக் கொடுத்த நம்பரைப் பார்த்த தோட்டத்துத் துரை, அடுத்த மாதமே அன்டனைக் கங்காணியாக்கினார். உண்மை தெரிந்த அப்பாவும் செத்துப்போனார். முப்பத்தெட்டு வருஷமாக அலோசியஸ் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாக உண்மையைச் சொல்லி, பொறாமை பிடித்தவன் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் கயிற்றுக்காரர்கள் இறங்கி வந்து போனில் படத்தைக் காட்டினார்கள். பாசியைச் சுரண்டிய இடத்தில் 214. மாதா கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஓய்வுபெற்ற கங்காணி அன்டனும் வந்து எட்டிப் பார்த்தார். இதோ, இதையும் தனதாக்கிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தார் அலோசியஸ்.

"என் நம்பருதான்," என்றார் அன்டன்.

அலோசியஸ் வீட்டுக்குப் போகத் திரும்பினார்.

"ஏறுனது தம்பி. நான் காய்ச்சல்ல கெடந்தேன்."

அலோசியஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல, சந்தேகம்தான். இந்த வயதில் அண்ணன் இதில் என்ன லாபம் பார்க்கிறார்?

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

அன்டன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெக்கம். வேல போயிருமோன்னு பயம். நீ வந்து கேட்டா ஒத்துக்கணும்னுதான் இருந்தேன். தோட்டம் பூராச் சொன்ன. என்கிட்ட வந்து ஒரு நாளும் கேக்கலியேடா."

அலோசியஸ் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரே லயத்தில் அண்ணன் குடியிருந்த காம்பராவுக்கும் அவருடைய காம்பராவுக்கும் நடுவே இத்தனை வருஷமும் இருந்தது ஒரு பலகைத் தடுப்புத்தான்.