மிஸ்டு கால் பாக்கியராஜ்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் பாக்கியராஜ் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். மிஸ்டு கால் பாக்கியராஜ் என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். நாற்பத்தாறு வயது, முன்வழுக்கை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன். கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் டைம் ஆபீஸ் உத்தியோகம். யார் எந்த ஷிப்டு, யாருக்கு என்றைக்கு வார லீவு என்று எழுதுகிற வேலை. அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் அந்தக் கம்பெனி நிற்கிறது. அதை நினைத்து அவர் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. சேற்றில் குனிவதைவிட ஏ.சி.யில் நிமிர்ந்து உட்காருவது தேவலை என்று வாய்விட்டே சொல்கிற மனிதர்.

பஜாரில் ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் அவர் ஞாயிறுதோறும் போகிற கிறிஸ்தவ சபை. சிமெண்டு ஷீட்டுக் கூரை, அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. அதில் முப்பது காலியாகக் கிடக்கும். சபைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. ஆனால் பாடச் சொன்னால் கீபோர்டுக்காரர் சுருதி தேடியே களைத்துப்போவார். ஜெபம் செய்யச் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வெறுங்கை முழம் போடுமா என்று பின் வரிசையில் உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவருக்குக் கம்பெனியே கைகொடுத்தது. ஒருநாள் பயிற்சி வகுப்பில், வாடிக்கையாளர் புகார் சொன்னால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நாமே திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று பாடம் நடத்தினார்கள். பாக்கியராஜுக்குப் பொறி தட்டியது. அந்த ஞாயிறே பாஸ்டர் சாம்சனைப் பிடித்தார்.

"பாஸ்டர், ஆளுங்க நம்பளத் தேடி வரணும்னு ஒக்காந்துக்கினு இருக்கோம். ஒரு நம்பரு குடுப்போம். மனசு கஷ்டம்னா மிஸ்டு காலு குடுக்கட்டும். நாம திருப்பி கூப்ட்டுப் பேசுவோம்."

பாஸ்டர் இளம் வயதுக்காரர், புதிதென்றால் ஆசைப்படுவார். சரி என்றார். புது சிம் வந்தது. திருப்பிக் கூப்பிடும்போது ஆண் குரலானால் பாக்கியராஜ், பெண் குரலானால் அவர் மனைவி மெர்சி பேசுவது என்று ஏற்பாடு. 'கவலையா? ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். நாங்கள் அழைக்கிறோம்' என்று நோட்டீசு அடித்து, ஷேர் ஆட்டோவிலும் சிப்காட் மின்கம்பங்களிலும் ஒட்டினார்கள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். சிப்காட் கம்பத்தில் மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் ஒரு போன் நம்பர் இருந்தால் அது 'ஆட்கள் தேவை' நோட்டீசு. அங்கே சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். சபை நோட்டீசும் அதே அச்சகம், அதே மஞ்சள், அதே சிவப்பு. பாக்கியராஜுக்கு மட்டும் அது உறைக்கவில்லை. முதல் நாள் பதினோரு மிஸ்டு கால். முதல் நம்பரைக் கூப்பிட்டார்.

"அண்ணா, எந்தக் கம்பெனி? ஹாஸ்டல் உண்டா?"

"கம்பெனி இல்லப்பா. இது சபை."

"பேரு இன்னாவா இருந்தா இன்னாண்ணா. பி.எஃப். புடிப்பாங்களா?"

பதினோரு பேரும் வேலைதான் கேட்டார்கள். வேறொருவராக இருந்தால் சிம்மைக் கழற்றி எறிந்திருப்பார். ஆனால் எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த கேட்டில் நிற்க வேண்டும், எந்த கான்ட்ராக்டர் சம்பளத்தைச் சரியாகக் கொடுப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெரிந்ததைக் கேட்கிறவனிடம் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னார். மறுநாள் இருபது கால் வந்தது.

அப்படி வந்தவள்தான் செங்கம்மாள். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்காரி. ஏரியில் இறால் குறைந்து, புருஷன் வலை வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த சமயம். எட்டாவது படிப்பு. பாக்கியராஜ் தன் கம்பெனியிலேயே கான்ட்ராக்டில் பேக்கிங்குக்கு ஆள் எடுப்பதை மெர்சி மூலம் சொல்லி அனுப்பினார். தானும் அங்கேதான் இருப்பதைச் சொல்லவில்லை. சிபாரிசு என்று பெயர் வந்துவிடும் என்ற பயம்.

வேலை கிடைத்த பிறகும் செங்கம்மாள் மிஸ்டு கால் கொடுப்பதை நிறுத்தவில்லை. மெர்சியிடம் அவளுக்கு அப்படி ஒரு ஒட்டுதல். வாழ்நாளில் முதல்தடவை ஷூ போட்டு ஆடுசதைவரை வலிக்கிறது என்பாள். இரண்டு சாக்ஸ் போடு என்பாள் மெர்சி. மீன் நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸில் ஒருத்தி தள்ளி உட்கார்ந்தாள் என்று ஒருநாள் அழுதாள். மெர்சி அரைமணி நேரம் போனை வைக்கவில்லை. அன்றைக்குக் குழம்பு அடிபிடித்தது. பாக்கியராஜ் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

நாலு மாதம் ஓடியது. சபைக் கமிட்டியில் மூத்தவர் அரசப்பன். ரிட்டயர்டு ஃபோர்மேன், எதையும் எண்ணிப் பார்த்துத்தான் பேசுவார்.

"நூத்தி முப்பது பேரு கூப்ட்டுக்கிறாங்க. ஒரு தல சபைக்கு வந்துக்குதா? நாம இன்னா எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸா நடத்தறோம், பாக்கியம்?"

பாஸ்டரும் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு முடிவு எடுப்போம், அதற்குள் வழி தெரியாவிட்டால் நம்பரை மூடிவிடலாம் என்றார். பாக்கியராஜுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தாறு வயதில் அவர் சபைக்காக உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. அதையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்களே என்று அவருக்கு அழுகையே வந்தது.

"அழுதா ஆவுமா? கம்பெனில எதுனா கெட்டுப்போனா இன்னா பண்ணுவீங்க?" என்றாள் மெர்சி.

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு உருப்படி கெட்டுப்போனால் ஏன் என்று கேட்பார்கள். பதில் வந்ததும் அதற்கு ஏன் என்பார்கள். ஐந்து ஏன் கேட்பதற்குள் அடி வேர் தெரிந்துவிடும். பாக்கியராஜ் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டார். ஏன் ஒருவரும் சபைக்கு வரவில்லை? ஊகிக்காமல் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது விதி. அவரும் மெர்சியுமாக இருபது பேரைக் கூப்பிட்டார்கள். பதினேழு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஞாயிற்றுக்கிழமை டூட்டி. அவர்களில் பெரும்பாலோர் பாக்கியராஜ் தன் கம்பெனிக்கே அனுப்பியவர்கள்.

ஏன் ஞாயிறு டூட்டி? செங்கம்மாள் சொன்னாள், "புதுசா சேந்தவங்களுக்கு அப்டித்தானாம்க்கா. பழைய ஆளுங்க லீவுல பூடுவாங்களாம். டைம் ஆபீஸ்ல அப்டிதான் எழுதறாங்களாம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பாக்கியராஜின் பேனா நின்றுவிட்டது. மூன்றாவது ஏனை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எட்டு வருஷமாக அந்த ஷிப்டு சார்ட்டை எழுதுகிற கை அவருடையது. சபைக்குப் போகிறவர்கள் என்று தனக்கும் இன்னும் ஒன்பது பேருக்கும் ஞாயிறு லீவு போட்டுவிட்டு, காலியான கட்டங்களில் புதியவர்களின் பெயரை வரிசையாக நிரப்பியவர் அவர்தான்.

அடுத்த ஞாயிறு கமிட்டியில் தாளை விரித்தார். மேடை என்றால் வறண்டுபோகும் நாக்கு அன்றைக்கு வறளவில்லை.

"நூத்தி முப்பது பேரும் ஏன் வரலன்னு கேட்டீங்கல்லண்ணே? அதுல பாதிப் பேரு எங்க கம்பெனில. நாம இங்க ஒக்காந்து பாடறதுக்கு அவுங்க அங்க நின்னுக்கினு இருக்காங்க. நிக்க வச்சவன் நான். வேலையும் சொல்லிட்டு, வர்ற வழியையும் நானே அடச்சுட்டேன்."

அந்த ஒன்பது பேரில் நாலு பேர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். அரசப்பன் தாளை வாங்கி மேலிருந்து கீழாக இரண்டு தரம் படித்தார்.

"இவுங்களுக்கு எந்தக் கெழம லீவு?"

"முக்காவாசிப் பேருக்கு செவ்வாண்ணே."

"அப்ப செவ்வா சாயங்காலம் தொறந்து வைப்போம். எனக்கு ஊட்ல இன்னா வேலை, சாவிய எங்கிட்ட குடு. நம்பரு இருக்கட்டும்."

மறு மாத சார்ட்டில் ஞாயிறு டூட்டி சுழற்சி முறையில் வந்தது. முதல் ஞாயிறின் முதல் பெயர் பாக்கியராஜ். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், ஊர் வாயை மூட முடியுமா. ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவரும் அந்த சார்ட்டில் கையெழுத்துப் போட மறுக்கவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை ஆறு பேர் வந்தார்கள். ஏழாவதாகப் படியேறி வந்தவள் வாசலிலேயே செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். பாக்கியராஜைப் பார்த்ததும் திகைத்தாள்.

"டைம் ஆபீஸ் சாரு தானே?"

"ஆமாம்மா. நோட்டீசு நம்பரும் என்துதான். உனுக்கு ஞாயிறு டூட்டி எழுதனதும் நான்தான்." சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார்.

செங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஞாயித்துக்கெழம பஸ்ஸு காலியா வரும்ணா. ஜன்னல் சீட்டு கெடைக்குது. எனுக்கு பேஜாரே இல்ல."

"உள்ள வாம்மா" என்றார் அரசப்பன்.

அவள் தயங்கினாள். "முன்னாடியே சொல்லிட்றேன் நைனா. எங்களுக்கு கெங்கம்மாதான் சாமி. அத்த மாத்திக்க மாட்டேன். நான் மெர்சி அக்காவப் பாக்க வந்தேன். எத்தினியோ பேருக்கு மிஸ்டு காலு குடுத்துக்கிறேன். திருப்பிக் கூப்ட்டவங்க அவுங்க ஒருத்தருதான்."

டீ கேனோடு படியேறி வந்துகொண்டிருந்த மெர்சி கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள். எண்ணிப் பார்த்தே பழகிய அரசப்பன் அன்று எதையும் எண்ணவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து ஃபேனுக்குக் கீழே போட்டார்.