பதினேழாவது ஆளின் மூச்சு

லோஜினி மலையகத்துக் கொட்டகலைக்காரி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தே தாய் படிக்க வைத்த பிள்ளை. தூக்க மருத்துவத்தில் ஆராய்ச்சி பழகும் இளம் விஞ்ஞானிகளுக்கான இரண்டு வருடப் பயிற்சிக்குக் கொழும்பில் தேர்வானாள். தேர்வான ஆறு பேரில் தோட்டத்திலிருந்து போனவள் அவள் மட்டும்தான். ஆய்வுக்கு எதை எடுப்பது என்று அவள் யோசிக்கவேயில்லை. இரவெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, பகலில் லயத்து வரிசை வீடுகளின் சத்தத்துக்கு நடுவே தூங்குகிறவர்களை எடுத்துக்கொண்டாள்.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அறுபது பேர் சம்மதித்தார்கள். தூங்கும்போது விரலில் ஒரு கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். மூச்சும் இரத்தத்தின் ஆக்சிஜனும் அதில் பதியும். பதினேழாவது ஆள் செல்லசாமி. கருவியைத் திருப்பி வாங்கப் போன அன்று அவர் மனைவி வீரம்மா லோஜினியை வாசலில் நிறுத்தினாள்.

“தூங்கயில மூச்சு நின்னு நின்னு வருதுங்க மிஸ். பயமா இருக்கு.”

உள்ளேயிருந்து வந்த குறட்டையை லோஜினியும் கேட்டாள். ஆனால் அறுபது பேருடையதும் சேர்ந்த பிறகே பதிவுகளைத் திறக்க வேண்டும் என்பது ஆய்வின் விதி.

“எல்லாருடையதும் முடியட்டுங்க அக்கா, பாத்துச் சொல்றேன்” என்றாள்.

மூன்று மாதம் கழித்துப் பதினேழாவது பதிவைத் திறந்தாள். மணிக்கு ஐம்பது தடவை மூச்சு நின்றிருந்தது. பேராசிரியரிடம் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினாள்.

செல்லசாமி இறந்து ஐந்து வாரமாகியிருந்தது.

“பகல் சோத்துக்கு வந்தப்ப சத்தமே இல்லீங்க” என்றாள் வீரம்மா. “இன்னைக்காச்சும் நல்லா தூங்குறாருன்னு நெனச்சு, கதவச் சாத்திட்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டேன்.”

கடிதத்தை வெளியே எடுக்க லோஜினிக்கு மனம் வரவில்லை. தான் முன்னமே பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போன வீரம்மா திரும்பி வரவேயில்லை.

விதிப்படிதானே நடந்தாய் என்று பேராசிரியர் தேற்றினார். அது இன்னும் பாரமாயிருந்தது. பதிவை இரண்டு நாளுக்குள் பார்க்கும்படி விதியை மாற்றக் கேட்டு ஆய்வுக் குழுவுக்கு மூன்று தடவை எழுதினாள்; கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த தோட்டத்தில் அப்படி மூச்சு நிற்கிற இரண்டு பேரைக் கண்டுபிடித்துக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஒருவர் போனார். மற்றவர், குறட்டைக்கெல்லாம் வைத்தியமா என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் வந்தது. வீரம்மாவைப் பார்க்க இரண்டு தடவை புறப்பட்டாள். இரண்டு தடவையும் வழியில் தலவாக்கலையிலேயே இறங்கித் திரும்பிவிட்டாள்.