படிப்படியாக இறங்கிய மூச்சு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களில் பலர், கடைசிக் காலத்தில் வந்து பார்த்து, அக்காவை அதிகம் பேச விடாமல் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனவர்கள். அந்த நாட்களைப் பற்றி, கூடவே இருந்த தங்கை என்ற முறையில் எழுதுகிறேன்.

அக்கா மல்லாங்கிணற்றில் பிறந்தார். மானாவாரிப் பருத்தி எங்கள் பிழைப்பு. திருமணமாகித் திருத்தங்கல் வந்தார். அத்தான் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் அச்சகம் வைத்திருந்தார். மகள் வினோதினி பள்ளியில் படிக்கும்போதே அத்தான் காலமாகிவிட, அச்சகத்தை அக்காவே நடத்தினார். சீசன் நேரத்தில் லோடு ஏறி முடியும்வரை வாசலில் நிற்பார். வேலை பார்ப்பவர்கள் சாப்பிடாமல் தாம் சாப்பிட மாட்டார்.

வறட்டு இருமலில்தான் தொடங்கியது. மதுரையில் குழாயில் ஊதச் சொல்லி, ஸ்கேனும் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிவரும் நோய் என்றார். குணமாகாது, வேகத்தைக் குறைக்க மாத்திரை உண்டு என்றார்.

“இது எப்படி எப்படிப் போகும்? மறைக்காமச் சொல்லுங்க” என்றார் அக்கா.

“உறுதியாச் சொல்ல முடியாதும்மா. சிலருக்குக் கொஞ்சங்கொஞ்சமா இறங்கும். சிலருக்கு ஒரே இடத்துல நிக்கும், ஒரு காய்ச்சல் வந்தா திடீர்னு ஒரு படி இறங்கிரும். இறங்கினா ஏறாது. உங்களுக்கு அடுத்த மழைக்காலத்துல ஆக்சிஜன் தேவைப்படலாம்.”

திரும்பி வரும்போது காரில், கூட வந்திருந்த எங்கள் பெரிய அண்ணன் பேச்சை எடுத்தார். வினோதினி அப்போது திருநெல்வேலியில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள்.

“அதுக்கு முந்திப் பிள்ளைக்கு ஒரு மாப்பிள்ளையப் பாத்துருவோம். மிச்சப் படிப்பக் கல்யாணத்துக்குப் பெறகு பாத்துக்கிரட்டும்.”

அக்கா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “டாக்டரம்மா என் மூச்சுக்குத்தான் கெடு சொன்னாக. அவ படிப்புக்கு யாரும் கெடு வைக்க வேண்டாம்.”



படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று வினோதினி போனில் அழுதாள். “நீ முடிச்சிட்டு வா. நான் இங்கனதான் இருப்பேன்” என்றார் அக்கா. மாடியிலிருந்த கட்டிலைக் கீழே இறக்கச் சொன்னார். அச்சகச் சாவியை மேனேஜரிடம் கொடுத்தார்.

அடுத்த மழை வந்தது. ஆக்சிஜன் தேவைப்படவில்லை. அதற்கடுத்த மழையும் வந்தது. டாக்டர் சொன்னது தப்பு என்று அண்ணன் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னார். நோயே எங்களை மறந்து எங்கோ தூங்குவதுபோல இருந்தது. அந்த ஆண்டு வெம்பக்கோட்டை அணை பெருகியதென்று கேட்டு, அக்காவைக் கூட்டிப்போனோம். எது தண்ணீர், எது வானம் என்று தெரியாதபடி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அக்கா என் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்தார். விழித்ததும், “கனவுல ஓடிக்கிட்டு இருந்தேன்டி. மூச்சே வாங்கல” என்றார்.

மார்கழியில் சாதாரணச் சளி, பிறகு காய்ச்சல். டாக்டரம்மா சொன்ன அந்தப் படியில் அக்கா ஒரே வாரத்தில் இறங்கிவிட்டார். “எப்ப வரும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்று டாக்டரம்மாவிடம் கோபப்பட்டேன். “எப்படி இறங்கும்னுதான் எனக்குத் தெரிஞ்சது. எப்பன்னு எனக்கும் தெரியலம்மா” என்றார். அதற்குமேல் கோபப்பட முடியவில்லை.

ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்தது. மதியங்களில் அக்கா பாதித் தூக்கத்தில் கேட்பார்.

“வெளிய மழை பெய்யுதா?”

“மெஷின் சத்தம்க்கா.”

“மழைன்னே இருக்கட்டும்.”

நானும் பக்கத்தில் படுத்து அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்து வந்த தீபாவளி விடிந்தபோது எங்கள் தெருவில் சத்தமே இல்லை.

“என்னடி, தெரு வெறிச்சோடிக் கெடக்கு?”

புகை ஆகாதென்று எல்லோரும் வெடியைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு எடுத்துப்போய்விட்டதைச் சொன்னேன்.

“பட்டாசுல சோறு திங்கிற தெருடி இது. எனக்காகச் சும்மா கெடக்கணுமா? அங்கன தள்ளி ஒரு புஸ்வாணமாவது விடச் சொல்லு. கண்ணாடி வழியாப் பாக்கேன்.”

எதிர்வீட்டுக்காரர் தெருக்கோடியில் வைத்தார். மூடிய சன்னலுக்கு அப்பால் வெளிச்சம் மட்டும் சத்தமில்லாமல் எழுந்து, பூத்து, உதிர்ந்தது. அது அணைந்த பிறகும் அக்கா வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில் அமைதியாகப் பிரிந்தார். கடைசித் தேர்வை முடித்துவிட்டு வந்திருந்த வினோதினி பக்கத்தில் இருந்தாள். இன்று அவள் கால்நடை மருத்துவர்.

மறைக்காமல் பேசிய டாக்டரம்மாவுக்கும், அச்சகத்தைத் தம் வீடுபோலப் பார்த்துக்கொண்ட தொழிலாளர்களுக்கும், கரண்ட் போனபோதெல்லாம் தம் இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்த எதிர்வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எங்கள் தெருவுக்கு நன்றி என்று மட்டும் எழுதினால் போதாது. துக்க வீடென்று சென்ற தீபாவளிக்கும் நீங்கள் வெடியை மைதானத்துக்கே எடுத்துப்போனீர்கள். வருகிற தீபாவளிக்கு எங்கள் வாசலிலேயே வெடியுங்கள். சன்னல்களைத் திறந்து வைத்திருப்போம்.